மூன்று அட்டைகள்

என்னைப் பற்றிச் சொந்தக்காரர்கள் சொல்லும் முதல் வார்த்தை "அடக்கமான புள்ள" என்பதுதான். கல்யாண வீடுகளில் உம்மாவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மூலைக் கதிரையில் இருப்பேன். யாராவது வந்து எதையாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன். "ஒங்கட மகள் எவ்வளவு அமைதி, எங்கட வீட்டுல ஈக்கிறதுகள் வாய் மூடுதில்ல" என்று உம்மாவிடம் சொல்வார்கள். உம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்த நேரத்தில் என் உள்ளங்கை வியர்த்து, நெஞ்சு தொண்டைக்குள் வந்து அடித்துக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது.

அது அடக்கம் இல்லை, பயம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். நானா இப்படி இருந்திருந்தால் "இவனுக்கு என்ன நடந்த?" என்று யாராவது விசாரித்திருப்பார்கள். நான் பெண் பிள்ளை, அதனால் பாராட்டினார்கள். இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் உம்மாமார் என்னோடு கோபிக்கக் கூடாது. என் உம்மாவிடம் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன்.

தரம் 8இல் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு வகுப்பில் என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். பேச்சை முழுவதும் பாடமாக்கியிருந்தேன். மேடையில் ஏறி ஸலாம் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. இறங்கி வந்த அன்றிலிருந்து வகுப்பில் கை உயர்த்துவதை விட்டுவிட்டேன். கடையில் கணக்குப் பிழையாக மீதிக் காசு தந்தாலும் பேசாமல் வாங்கி வருவேன். வீட்டுத் தொலைபேசி அடித்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

இது வெளியே தெரிய வந்தது டியூஷன் காசால். தரம் 10இல் வாப்பா மாதா மாதம் காசு தருவார். சேர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி முன்னுக்குக் கூப்பிட்டுத்தான் காசு வாங்குவார். என் பெயர் வரும் முன்பே நான் தண்ணீர் குடிக்க வெளியே போய்விடுவேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் வீட்டுக்குக் கோல் எடுத்தார். வாப்பா என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க ஏலாது. காசை நான் செலவழித்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். கேத்திர கணிதப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டினேன். கவராயத்துக்குக் கீழே எல்லாத் தாள்களும் மடித்தபடி இருந்தன. வாப்பா அதை எண்ணவும் இல்லை.

அடுத்த கிழமை பாடசாலை ஆலோசனை ஆசிரியையிடம் உம்மா என்னைக் கூட்டிப்போனார். மற்றவர்கள் நம்மை அளந்து பார்க்கிறார்கள், பிழை பிடிக்கப் போகிறார்கள் என்ற பயம் அன்றாட வேலைகளையே தடுக்கும் அளவுக்குப் போனால் அதைச் சமூகப் பதற்றம் என்று சொல்வார்கள் என்றும், அது குணம் இல்லை, உதவி பெறக்கூடிய ஒரு சிரமம் என்றும் டீச்சர் விளக்கினார். தேவைப்பட்டால் பேசலாம் என்று 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் எழுதித் தந்தார். தொலைபேசிக்குப் பயந்து குளியலறைக்குள் ஒளியும் பிள்ளைக்குத் தொலைபேசி இலக்கம்! எனக்குச் சிரிப்பு வந்தது, டீச்சரும் சிரித்துவிட்டார். பிறகு, "பயப்படுற விஷயத்தப் பெரிசாச் செய்யத் தேவல்ல, சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சிச் செய்யுங்க" என்றார். எனக்கு எதைப் பிரிப்பது என்றுதான் தெரியவில்லை.

இனி அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் லெஸ்டரிலிருந்து மாமா வந்தபோது நானாவுக்கு ஒரு பழைய பெட்டி கொண்டுவந்தார். நானா கேட்டது கால்பந்துச் சப்பாத்து. பெட்டிக்குள் முதலாம் உலகப் போர்க் கால விமானங்களின் சிற்றுருக்கள் இருந்தன. விளையாட்டின் பெயர் விங்ஸ் ஒஃப் வோர். அந்திரெயா அஞ்சியொலினோ, பியர் ஜோர்ஜோ பாலியா என்ற இரண்டு இத்தாலியர்கள் உருவாக்கியது, 2004இல் வெளிவந்தது. விமானங்கள் எல்லாம் உண்மையான அளவில் 144இல் ஒரு பங்கு. பிரித்தானியரின் சொப்வித் கெமல் நிஜத்தில் ஐந்தே முக்கால் மீற்றர் நீளம் என்றால் பெட்டியில் நான்கு சென்ரிமீற்றர்தான். ஜேர்மனியரின் போக்கருக்கு மூன்று அடுக்குச் செட்டை.

வாப்பும்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைப் பரிசோதித்தார். "தாயக்கட்டை ஈக்கா? காசி வெச்சி ஆடுறதா?" இரண்டும் இல்லை. இந்த விளையாட்டில் பகடையே கிடையாது, எல்லாம் அட்டைகள். ஒவ்வொரு விமானத்துக்கும் நேராகப் போ, வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் சரி என்று அம்புக்குறி போட்ட அட்டைக் கட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று அட்டைகளை முன்கூட்டியே தெரிந்தெடுத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு எதிரியும் நாமும் ஒரே நேரத்தில் முதலாவதைத் திருப்பி, அதன்படி விமானத்தை நகர்த்த வேண்டும். எதிரி நாம் நினைக்காத பக்கம் திரும்பிவிட்டாலும் மீதி இரண்டு அட்டைகளையும் மாற்ற முடியாது. வைத்தது வைத்ததுதான்.

நானா இரண்டு நாள் விளையாடிவிட்டு விட்டுவிட்டான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அக்குறணையைத் தனியாகவே மூடினார்கள். பாதையில் ஒரு வாகனச் சத்தமும் இல்லை. அந்த நாட்களில்தான் பெட்டி என்னுடையதாகியது. கெமலின் மேல் செட்டை உடைந்திருந்தது. குண்டூசியை வெட்டித் தாங்கியாக வைத்து ஒட்டினேன். செட்டையில் நீலம், வெள்ளை, நடுவில் சிவப்பு என்று ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள் வரும். அவை என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை. பல் குத்தும் குச்சியின் நுனியால்தான் வரைய முடிந்தது. சாயத்தைத் தண்ணீராகக் கரைத்து மெல்லிசாகப் பூச வேண்டும், காய்ந்த பிறகு இன்னொரு தரம், பிறகு இன்னொரு தரம். தடிப்பாக ஒரே தடவையில் பூசினால் செட்டையின் வரிகள் எல்லாம் மூடிப்போகும். இதை நான் மூன்று விமானத்தைப் பழுதாக்கித்தான் கற்றுக்கொண்டேன்.

அந்தக் கெமலைப் பற்றி வாசித்தேன். துப்பாக்கிகளுக்கு மேல் இருந்த கூனல் மூடியால்தான் அந்தப் பெயராம். அதன் எஞ்சினே முன்பக்கத்தில் சுழல்வதால் விமானம் வலப்பக்கம் மிக வேகமாகத் திரும்பும். பழகாத விமானிகள் அதனாலேயே விழுந்து இறந்திருக்கிறார்கள். எனக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

ஆனால் ஒரு குறை. எதிரிக்கும் நானே அட்டை வைக்க வேண்டும். போக்கர் எங்கே திரும்பும் என்று கெமலுக்கு எப்போதும் தெரியும். என்னையே ஏமாற்ற என்னால் முடியவில்லை. மூன்று வருடம் அப்படி விளையாடியிருக்கிறேன். உம்மா ஒரு தடவை எதிரில் இருந்து பார்த்தார், இரண்டாவது அட்டையில் தூங்கிவிட்டார்.

நானா ஒலுவில் கெம்பஸுக்குப் போன பிறகு ஒரு நாள் செய்தி சொன்னான். அவனுடைய கூட்டாளியின் சொந்தக்காரர் ஒருவர் கண்டியில் இருக்கிறாராம். அவர் வீட்டில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிச் சிற்றுரு விளையாட்டுக்காரர்கள் கூடுவார்களாம். யாரும் வரலாமாம். "எனக்கு ஏலா" என்றேன். நான்கு மாதம் அதையே சொன்னேன். ஆனால் ஒவ்வொரு மாதமும் அந்த ஞாயிறு எப்போது என்று நாட்காட்டியில் பார்ப்பேன். அதை வாப்பா கவனித்திருக்கிறார்.

ஐந்தாவது மாதம் வாப்பா கடையைச் சாத்திவிட்டு என்னைக் கூட்டிப்போனார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும் வரை நான் சரியாகத்தான் இருந்தேன். அந்த வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. எண்ணினேன், பதினொரு சோடி. உள்ளேயிருந்து பலர் ஒன்றாகச் சிரிக்கும் சத்தம் வந்தது. "வாப்பா, போவோம்" என்றேன்.

வாப்பா ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு கடையில் இரண்டு பிளேன்டி எடுத்தார். பெட்டியைக் காட்டி, "அந்த சிவப்புப் பிளேனுக்கு என்னத்துக்கு மூணு செட்டை?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப மத்தது எப்பிடி அதப் புடிக்கும்?" அதையும் சொன்னேன். தேயிலை ஆறிப்போயிருந்தது. அட்டைகளை மேசையில் பரப்பி முழு விளையாட்டையும் விளக்கி முடித்து நிமிர்ந்தபோது, தேநீர் ஊற்றும் ஆளும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா காசு கொடுத்தார். "இதத்தானே அங்க போய்ச் செல்லணும்" என்றார். பஸ்ஸில் வேறு எதுவும் பேசவில்லை. நான் அழுதேன். ஆலோசனை டீச்சரிடம் சொன்னபோது, "வாசல் வரைக்கும் போனீங்கதானே, அது ஒரு துண்டு" என்றார்.

அடுத்த மாதம் உம்மாவும் வந்தார். ஒரு கொப்பியில் சிங்கள வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கியிருந்தேன். அதில் முதலாவது "மட்ட சிங்ஹல ஹொந்தட்ட பே", எனக்குச் சிங்களம் நன்றாக வராது. அதைச் சொல்லும் சந்தர்ப்பமே வரவில்லை. கதவைத் திறந்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பொறியியலாளர், நரைத்த தாடி, என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைத்தான் பார்த்தார். "ஆ! கெமல்!" என்றார். உள்ளே போய்விட்டோம். உம்மா அந்த வீட்டு அம்மாவோடு குசினிப் பக்கம் இருந்துகொண்டார். பெரிய மேசையில் சிலர் சின்னஞ்சிறு படைவீரர்களை நிறுத்தி, அடிமட்டத்தால் தூரம் அளந்து, பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் மேசையில்.

சின்ன மேசையில் என் எதிரே பேராதனையில் படிக்கும் ஒரு அக்கா இருந்தார், ஊர் மாத்தறை. அவரும் அதிகம் பேசவில்லை. இரண்டு பேரும் மூன்று மூன்று அட்டைகளைக் கவிழ்த்து வைத்தோம். முதலாவது நேர். இரண்டாவது நேர். மூன்றாவதாக நான் வலப்பக்கம் திரும்பும் அட்டையை வைத்திருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். திருப்பினால் இடப்பக்கம். கெமல் விரிப்பின் ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. எல்லையைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது. ஒரு சூடும் விழாமல், ஒரு சுற்றிலேயே தோற்றுவிட்டேன்.

பெரிய மேசையிலிருந்தவர்கள் இப்போது நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். காது இரண்டும் கொதித்தன. மேடையில் நின்ற அதே நிமிடம் திரும்ப வந்துவிட்டது என்று தோன்றியது. வாசல் எங்கே என்று பார்த்தேன். குசினிக் கதவில் உம்மா நின்றார். அவருடைய கை வாயில் இருந்தது.

"கமக் நே, துவே" என்றார் வீட்டுக்காரர், பரவாயில்லை மகளே என்று. தன்னுடைய விமானமும் ஒரு தடவை அப்படிப் போய்த் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்ததாம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கெமலை எடுத்து ஆரம்பித்த இடத்திலேயே வைத்தார். பிறகு தன் மூன்று அட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவ்வளவுதான். என்னிடமிருந்து அவருக்கு விளக்கமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம், மூன்று அட்டைகள் வேண்டும். மேடையில் நான் ஒரு சொல்லைத் தவறவிட்டபோது அடுத்து என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. இங்கே அடுத்தது என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். வைத்தேன்.

இரண்டாவது ஆட்டம் முக்கால் மணித்தியாலம் நீண்டது. அவருடைய போக்கர் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தெரியவில்லை! அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை. சூடு பட்டால் எடுக்கும் சேத அட்டைகளை நாம் மட்டும் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைக்க வேண்டும், எதிரிக்குக் காட்டக் கூடாது. நான் விழப்போகிறேன் என்று எனக்கு மட்டும் தெரியும், முகத்தைச் சாதாரணமாக வைத்திருந்தேன். அந்த விஷயத்தில் எனக்குப் பழக்கம் அதிகம். கடைசியில் கெமல் விழுந்தது. அக்கா தன்னுடைய அட்டைகளையும் திருப்பிக் காட்டினார். இன்னும் ஒரு சூடு பட்டிருந்தால் அவரும் போயிருப்பார். ஆட்டம் முழுவதும் அந்த முகத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

தேநீர் நேரத்தில் வீட்டுக்காரர் ஒரு விஷயம் சொன்னார். எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1913இலேயே பொம்மைப் படைவீரர்களை வைத்து விளையாடுவதற்கு விதிகள் எழுதிப் புத்தகமாகப் போட்டாராம். நான் பிறகு தேடிப் பார்த்தேன். அதன் நீண்ட தலைப்பு முக்கியமாகப் பையன்களைத்தான் கூப்பிடுகிறது, பெண் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கும் ஓரமாக ஓர் இடம் கொடுத்திருக்கிறார். அவருக்கு நன்றி. உம்மா அந்த வீட்டு அம்மாவுக்கு வட்டலப்பம் செய்முறை சொல்லிவிட்டு வந்திருந்தார், ஒரு சொல்லும் சிங்களம் தெரியாமல், கையாலேயே.

அன்றிலிருந்து இன்றைக்கு ஒரு வருடத்துக்கு மேல். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மேடை ஏறவில்லை. கல்யாண வீட்டில் இப்போதும் மூலைக் கதிரைதான். ஆனால் உயர்தர வகுப்பில் உயிரியல் டீச்சரிடம் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். டியூஷன் காசை நானே முன்னுக்குப் போய்க் கொடுக்கிறேன். கண்டியில் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தேன். அவன் வாப்பா அடிமட்டத்தைச் சரித்து வைத்து அளந்தபோது, "இல்ல அங்கிள், அது படாது" என்று சொல்லியும்விட்டேன். சொன்ன பிறகுதான் கை நடுங்கியது.

போன கிழமை தொலைபேசி அடித்தது. உம்மா தொழுதுகொண்டிருந்தார், வாப்பா கடையில். திரையில் அக்காவின் பெயர். குளியலறைக் கதவு திறந்துதான் இருந்தது. ஏழாவது மணியில் எடுத்தேன். இந்த மாதக் கூட்டம் ஒரு கிழமை பிந்திவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டு, "நங்கி, கெமலைக் கொண்டு வருவீங்கதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சிங்களத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கொப்பி அடுத்த அறையில் இருந்தது. போய் எடுக்கவில்லை.