பட்டாணியளவு சதை

நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிற என் சித்தப்பாவுக்கு வலப்பக்க மூக்கு மட்டும் மாதக்கணக்காக அடைத்துக் கிடந்தது. இடைக்கிடை இரத்தமும் கண்டது. "பீனிசமடா" என்று ஆவி பிடித்துக்கொண்டிருந்தவரைக் கட்டாயப்படுத்திக் கொண்டுபோய்க் காட்டினோம். உள்ளே சதை. சோதனைக்கென்று பட்டாணியளவு துண்டொன்றை எடுத்துப் போர்மலின் போத்தலில் போட்டார்கள். அந்தப் போத்தலுக்கு அதன்பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்பினேன். அனுமதி கிடைத்து ஆய்வுகூடமொன்றில் ஒரு காலை முழுவதும் நின்றேன்.

போத்தல்களைப் பதிகிற தம்பி முதலில் பார்த்தது பெயரையும் போர்மலின் அளவையும். சதையைப்போல் பத்து மடங்காவது போர்மலின் வேண்டும். குறைந்தால் சதை அழுகிவிடும். பிறகு எந்த நிபுணராலும் அதை வாசிக்க முடியாது. அடுத்து அற்ககோலில் நீரை இழுத்து, சைலீனில் தெளியவைத்து, உருகிய பரபின் மெழுகை உள்ளே ஏற்றுகிறார்கள். இரவு முழுக்க இயந்திரம் செய்கிற வேலை அது.

காலையில் கைவேலை. மெழுகுக் கட்டியைப் பனிக்கட்டிமேல் குளிரவைத்த தங்கச்சி, மைக்ரோடோமில் பூட்டுமுன் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினா. "காத்துப் பட்டாப் பறந்திடும் அண்ணை." சில்லைச் சுற்றச் சுற்றக் கத்தியின் நுனியிலிருந்து மெழுகு நாடாவாக இறங்கியது. தடிப்பு 4 மைக்ரோன்: ஒரு மில்லிமீற்றரில் 250இல் ஒரு பங்கு. தூரிகை நுனியால் நாடாவைத் தூக்கி இளஞ்சூட்டு நீரில் விட்டா. சுருக்கம் தானாக விரிந்தது. கண்ணாடித் தகட்டைச் சரித்து அதை அள்ளியெடுத்தபோது நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். இந்தக் கைகளைப் பற்றி நோயாளிகள் யாருக்கும் தெரியாது. சித்தப்பாவுக்கும் தெரியாது.

சாயமேற்றியதும் கலங்களின் கரு ஊதா, மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு. ஊதாவைத் தருவது மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து எடுக்கும் சாயம்.

நோயியல் நிபுணர் முதலில் ஒரு பழைய தகட்டைக் காட்டினார். மாதுளம்பழத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் தடித்த சுவருள்ள வட்டங்கள், உள்ளே நிறைய வித்திகள். ரைனோஸ்போரிடியம் என்ற கிருமி; இதுவும் மூக்கில் சதை வளர்க்கும். தேங்கிய நீரில் குளிப்பவர்களிடம் இலங்கையிலும் இந்தியாவிலும் அதிகம் காண்கிற நோய். 1900இல் ஆர்ஜென்டினாவில் சீபர் விவரித்த இக்கிருமி பூஞ்சையல்ல, மீன்களைத் தாக்கும் நுண்ணுயிர்களுக்கு உறவு என்று 1999இல் மரபணு ஆய்வு சொன்னது; பேராதனைப் பேராசிரியர் அரசகுலரத்னவும் அந்த ஆய்வில் பங்குகொண்டவர். இதை வழமையான ஆய்வுகூட ஊடகங்களில் வளர்த்துப் பார்க்க முடியாது. திசுவில் கண்ணால் கண்டால்தான் உறுதி.

சித்தப்பாவின் தகட்டில் இருந்தது வேறு. மேற்தோல் தடித்து, வெளியே வளராமல் விரல் விரலாக உள்நோக்கி இறங்கியிருந்தது. தலைகீழ்ப் பப்பிலோமா. புற்றுநோயல்ல, ஆனால் அடியோடு எடுக்காவிட்டால் திரும்ப வரும், சிலருக்குப் புற்றாகவும் மாறும்.

றிப்போர்ட் ஆங்கிலத்தில் வந்தது. கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த மண் இது. இரண்டு வரி தமிழிலும் எழுதினால் எவ்வளவு உதவி! நான் வாசித்து விளங்கப்படுத்தினேன். சித்தப்பா உடனே பிடித்துக்கொண்டார்: "கிழங்கை விட்டிட்டு மேல வெட்டினா வாழை திரும்பக் குருத்து விடுந்தானே."

சத்திரசிகிச்சை அடியெலும்பையும் சுரண்டி முடிந்தது. எடுத்த சதை முழுவதும் மறுபடி அதே மேசைக்குப் போனது. உங்கள் வீட்டில் யாருக்காவது மூக்கில் சதை எடுத்தால், அது போர்மலின் போத்தலுக்குள் போகிறதா என்று கேளுங்கள். றிப்போர்ட்டை நீங்களே போய் வாங்கி, வெட்டிய வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.