முத்துக்கரையில் குளுகுளு கொடிக்கால்... ஆத்தூர் வெற்றிலை!

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனால், முதலில் கண்ணில் படுவது உப்பளங்கள்தான். செடி கொடிக்கு இங்கு என்ன வேலை என்று நினைக்கத் தோன்றும். பழையகாயல் தாண்டி முக்காணி, ஆத்தூர் பக்கம் போனதும் காட்சி மாறிவிடும். வாழை, நெல், நடுநடுவே வரிசை பிடித்து நிற்கும் அகத்தி. அந்த அகத்தியைப் பற்றி ஏறி நிற்பதுதான் ஆத்தூர் வெற்றிலை.

பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கைத் துறைமுகம் இதே வட்டாரம்தான். இன்று கொற்கையிலிருந்து கடல் சில கிலோமீட்டர் விலகி இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது. ஆனால், விவசாயத்துக்கு நல்ல மண்ணைக் கொடுத்தது. ஆற்றின் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டம் அணையின் கால்வாய்களும் குளங்களும் அந்த மண்ணுக்குத் தண்ணீர் கொடுக்கின்றன.

வெற்றிலை, மிளகின் உறவுக்காரக் கொடி. தென்கிழக்கு ஆசியாவின் ஈரக்காடுகள்தான் அதன் பூர்வீகம். நிழலும் ஈரமும் இல்லாவிட்டால் இலை தடித்துப் போகும். அதனால்தான் கொடிக்காலில் முதலில் அகத்தி விதைக்கிறார்கள். அது வளர்ந்ததும் கொடித்துண்டுகளை நடுகிறார்கள். அகத்தி, நிழல் தரும். மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். அதன் தழை ஆடு, மாடுகளுக்குத் தீவனம். உயரே போன கொடியை இறக்கிக் கட்டினால், கை எட்டும் உயரத்தில் மீண்டும் இலை பறிக்கலாம்.

ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருமழை கொட்டியது. பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஆறு கரைபுரண்டு, வாழையும் கொடிக்காலும் மூழ்கின.

வெற்றிலைக்கு ஈரம் வேண்டும். ஆனால், தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. பூஞ்சணம் தாக்கி, தண்டு அழுகி, கொடி வாடிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. வெற்றிலையை விதை போட்டு வளர்ப்பதில்லை. உயிருள்ள கொடியிலிருந்துதான் அடுத்த கொடி. ஊரில் நல்ல தாய்க்கொடி அழிந்தால், வெளியூர்க் கொடியைத்தான் தேட வேண்டும். புவிசார் குறியீடு பெயரைக் காப்பாற்றும்; கொடியைக் காப்பாற்றுவது விவசாயியின் கையில்தான் இருக்கிறது.

எனவே, ஆற்றங்கரைகளில் கொடிக்கால் வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறக்கும் முன்பே வடிகாலைத் தூர்வாரி விடுவது நல்லது. நோயில்லாத தாய்க்கொடிகளில் கொஞ்சத்தை மேட்டு நிலத்திலும் அகத்தி நிழலில் வளர்த்து வந்தால், வெள்ளம் வடிந்த பிறகு நடவுக்குக் கைகொடுக்கும்.