துப்பாக்கிப் புத்தகம் எதற்கு?

கீரப்பாளையம் பஸ்ஸில் என் கையில் கைத்துப்பாக்கிப் படப் புத்தகத்தைப் பார்த்தாலே, "யாரைடா சுடப் போறே?" என்று கேலி செய்வார்கள். 'இதெல்லாம் லைப்ரரிக்கு எதுக்கு?' என்பவர்களும் உண்டு.

சுட அல்ல நண்பர்களே, படிக்க!

ரிவால்வரில் தோட்டா சுழலும் உருளையில் இருக்கும். பிஸ்டலில் கைப்பிடிக்குள் மேகஸினில் இருக்கும். சுட்டதும் பின்னால் போய்வரும் ஸ்லைடே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். ஸ்பிரிங், லீவர், பின் எல்லாம் வெட்டுத்தோற்றத்தில் தெரியும்போது மெஷின் டிராயிங் தானாகப் புரிகிறது.

1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது பிரவுனிங் பிஸ்டலால். அதை யாராவது ரிவால்வர் என்று எழுதினால், படம் பார்த்தவன்தான் திருத்துவான்.

துப்பாக்கி வைத்திருக்க 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். தெரிந்துகொள்ள வேண்டாமே! புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும்.