தூங்கும்போது கிளம்பாதே



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள், இப்போது நர்ஸ், நேற்று அம்பத்தூர் வீட்டுக்கு வந்தாள். சவூதியில் வேலை. நம் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மூலமாகவே போகிறாள். (2015-இல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவரும் முன், ஏஜெண்டிடம் லட்சக்கணக்கில் கொடுத்துப் போனவர்களை எனக்குத் தெரியும்.)

"டேட்டாஃப்ளோ, பிரோமெட்ரிக் எல்லாம் முடிஞ்சுது டீச்சர். பையன் மாமியார்கிட்ட இருப்பான். அவன் தூங்கும்போது கிளம்பிடலாம்னு இருக்கேன்."

எனக்குத் திக்கென்றது. அப்படி விட்டுப்போன பிள்ளை ஒருவன் என் வகுப்பில் இருந்தான். இரண்டு மாதம், சாயங்காலம் மணி அடித்தால் கேட்டையே பார்த்து நிற்பான்.

"இன்னைக்கே அவன்கிட்ட சொல்லும்மா. நீ லீவில் வர்ற மாசத்தைக் காலண்டர்ல அவனையே வட்டம் போடச் சொல்லு" என்றேன்.

அழுதாள். போகும்போது என் வீட்டுக் காலண்டரையே கேட்டு வாங்கிப் போனாள்.