கல்வெட்டு இல்லாத பேட்டை

புனேயின் ராஸ்தா பேட்டில் தமிழர்கள் வாழ்ந்த கதையை எந்தக் கல்லும் சொல்வதில்லை. ஒரு பழைய கணக்கு நோட்டு கொஞ்சம் சொல்கிறது.

மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்துப் பெரியவர் எடுத்து வைத்தது ஒரு கணக்கு நோட்டு. நீளவாக்கில் மடித்துத் தைத்தது; ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. "எங்க கொள்ளுத் தாத்தா எழுதினதுன்னு அப்பா சொல்வார். உள்ளே என்ன இருக்குன்னு அவருக்கும் முழுசாத் தெரியாது, எனக்கும் தெரியாது. தம்பி, நீங்க படிச்சுச் சொல்லணும்" என்றார்.

பெரியவருக்கு எண்பது வயது. பெயருக்குப் பின்னால் 'முதலியார்' இருக்கிறது. தமிழ் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய மகனுக்குத் தமிழ் புரியும், பதில் மராத்தியில் வரும். பேத்திக்குத் தெரிந்தவை 'வா', 'சாப்பிடு', 'போதும்' என்று மூன்றே வார்த்தைகள். வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய இந்தப் பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பப் போகிறார்கள். இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். இந்த நோட்டைப் பழைய பேப்பர் கட்டில் போடுவதா, பெட்டியில் போடுவதா என்று தெரிய வேண்டும். மொழிபெயர்ப்பு என் பிழைப்பு என்பதால் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள்.

புனே ரயில் நிலையத்திலிருந்து ராஸ்தா பேட் ஆட்டோவில் சில நிமிடத் தொலைவுதான். முதல் முறை வருபவர்கள் 'ராஸ்தா' என்றால் இந்தியில் தெரு, ஆகவே ஏதோ பெரிய தெரு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு குடும்பத்தின் பெயர். பேஷ்வாக்களின் தளபதியாக இருந்த ஆனந்தராவ் லக்ஷ்மண் ராஸ்தே 18ஆம் நூற்றாண்டில் நிறுவிய பேட்டை இது. அதற்கு முன் இதன் பெயர் சிவபுரி. 'பேட்' என்பதும் அன்னியச் சொல் அல்ல, நம்முடைய பேட்டைதான். சைதாப்பேட்டையும் ராணிப்பேட்டையும் அறிந்தவனுக்கு சதாசிவ் பேட்டும் நானா பேட்டும் சட்டென்று பிடிபட்டுவிடும்.

நகரத்தின் பழைய பேட்டைகளுக்கும் வெள்ளைக்காரர்களின் கண்டோன்மென்ட்டுக்கும் இடைப்பட்ட ஓரத்தில் இருக்கிறது ராஸ்தா பேட். எந்த ஊரிலும் வெளியூர்க்காரர்களுக்குக் கிடைக்கும் இடம் இப்படிப்பட்ட ஓரம்தான். இன்றும் இங்கே கறிவேப்பிலையும் வாழையிலையும் மல்லிகைச் சரமும் விற்கிறார்கள். அரைத்துக் கொடுக்கும் காப்பிப் பொடியின் வாசனையை வைத்தே சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம். மதியம் மெஸ்ஸில் ரசம் கிடைக்கும். பரிமாறுபவர் உங்களிடம் தமிழில் பேசுவார், கணக்கை முதலாளியிடம் மராத்தியில் சொல்வார்.

தமிழர்கள் இங்கே எப்போது வந்தார்கள்? படையோடு வந்தவர்கள் என்பது பழைய குடும்பங்களின் பேச்சு. அந்தப் பேச்சுக்கு வரலாற்றில் இடமிருக்கிறது. ஹோல்கரிடம் தோற்று ஓடிய இரண்டாம் பாஜிராவ், 1802 டிசம்பர் 31 அன்று பஸீனில் ஆங்கிலேயருடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அவரை மீண்டும் கத்தியில் உட்காரவைக்க, தெற்கிலிருந்து சென்னை ராணுவத்தின் படைகளோடு கிளம்பி வந்தார் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன் பிரபு. 1803 ஏப்ரல் 20 அன்று அவர் புனேக்குள் நுழைந்தார்.

ஒரு படை நகர்கிறது என்றால் சிப்பாய் மட்டும் நகர்வதில்லை. மாட்டுக்காரர், குதிரைக்காரர், சமையல்காரர், வண்ணார், தச்சர், தானியம் விற்பவர், வட்டிக்குக் கொடுப்பவர் என்று ஒரு நடமாடும் பேட்டையே பின்னால் போகும். 1817 நவம்பரில் கட்கி போரில் பேஷ்வா தோற்ற பிறகு கண்டோன்மென்ட் நிரந்தரமானது. 1818 ஜனவரி முதல் தேதி நடந்த கோரேகாவ் சண்டையிலும் சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்த சிலர் இரண்டு பீரங்கிகளோடு இருந்தார்கள். பீரங்கி திரும்பிப் போனாலும் அதற்குத் தீனி போட்டவர்கள் எல்லோரும் திரும்பிப் போவதில்லை.

இந்த 1803க்கு இன்னொரு விசேஷம் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் தஞ்சாவூரில் சரபோஜி மன்னர், போன்ஸ்லே வம்சத்தின் வரலாற்றைப் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் செதுக்க வைத்தார். சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சையைப் பிடித்தது 1676இல். நூற்றிருபத்தேழு ஆண்டுகள் கழித்து, தமிழ் மண்ணில் தாங்கள் யார் என்பதை அந்த வம்சம் கல்லில் எழுதிவிட்டது. அங்கே போன மராத்தியர்கள் அரசர்கள். அவர்களிடம் சிற்பி இருந்தான், சுவர் இருந்தது. இங்கே வந்த தமிழர்களிடம் இருந்தது கணக்கு நோட்டு.

ராஸ்தா பேட்டிலும் அதைச் சுற்றிலும் வந்து குடியேறிய மற்றவர்கள் சிலர் தங்கள் கல்லை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பேஷ்வாவின் படையிலிருந்த கோவா கிறிஸ்தவர்களுக்காக அந்தப் பேஷ்வாவே கொடுத்த நிலத்தில் எழுந்த சிட்டி சர்ச் குவார்ட்டர் கேட் அருகே இருக்கிறது. பாக்தாத்திலிருந்து வந்து பம்பாயில் பெரும் வணிகரான டேவிட் சாசூன் கட்டத் தொடங்கிய யூதர் ஆலயம் கேம்ப்பில் செங்கல் நிறத்தில் நிமிர்ந்து நிற்கிறது. ஊரார் அதை 'லால் தேவள்', சிவப்புக் கோயில், என்கிறார்கள். 1864இல் புனேயில் இறந்த சாசூனின் கல்லறையும் அந்த வளாகத்திலேயே. கொங்கணக் கரையிலிருந்து வந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் 1921இல் ராஸ்தா பேட்டிலேயே தங்களுக்கென ஓர் ஆலயம் கட்டிக்கொண்டார்கள். செக்கு ஆட்டி எண்ணெய் எடுத்த சமூகம் அது. சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் 'சனிவார் தேலி' என்று பெயர். வீட்டில் பேசியது மராத்தி. 1948க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். போகும்போது மராத்தியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். 'மாய்போலி', தாய்மொழி, என்ற பெயரில் அங்கே ஒரு மராத்திப் பத்திரிகை நடத்தினார்கள்.

கேம்ப்பில் உள்ள செயின்ட் மேரி தேவாலயத்தில் நமக்கும் ஒரு நூல் இழை கிடைக்கிறது. 1825இல் அதை அர்ச்சித்தவர் கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபர். மறு ஆண்டு ஏப்ரலில் திருச்சியில் குளிக்கப் போன இடத்தில் இறந்துபோனாரே, அவர்தான். அவர் பெயரில் திருச்சியில் கல்லூரி இருக்கிறது. புனேக்கு வந்து போன பிஷப்புக்கு இரண்டு ஊரிலும் நினைவுச் சின்னம். வந்து தங்கிவிட்ட திருச்சிக்காரருக்கோ வேலூர்க்காரருக்கோ எதுவும் இல்லை.

நோட்டுக்கு வருவோம். தமிழ் எண்கள், மாகாணியும் அரைக்காலும் வீசமும் பழைய குறிகளில். முதுகலையில் எப்போதோ கற்ற குறிகள் என் நினைவுக்கு வர ஒரு மணி நேரம் பிடித்தது. ஆங்கில ஆண்டு எங்குமே இல்லை, அறுபது வருஷச் சுற்றில் வரும் பெயர்கள்தான். கொள்ளு இத்தனை மூட்டை, புல்லுக்கட்டு இத்தனை, வண்டிக் கூலி இவ்வளவு. கண்டோன்மென்ட் குதிரைகளுக்குத் தீனி கொடுத்தவர் என்று புரிந்தது. பெரியவர் முகம் மலர்ந்தது. "மளிகைக் கடைன்னுதான் எங்க அப்பா சொன்னார். குதிரைன்னு சொல்லவே இல்லையே!"

பக்கங்களைப் புரட்டப் புரட்ட ஒன்று கண்ணில் பட்டது. முதல் பக்கங்களில் 'சோளம்' என்று எழுதிய கை, போகப் போக 'ஜ்வாரி' என்று எழுதுகிறது. 'சந்தை' போய் 'பஜார்' வருகிறது. எழுத்து தமிழ், சொல் மராத்தி. ஒரு மனிதர் ஊர் மாறியதை ஊர்ப் பெயர் காட்டவில்லை, தானியத்தின் பெயர் காட்டியது.

துர்முகி வருஷம் மாசி மாதத்தோடு கணக்கு நின்றுவிடுகிறது. பக்கத்தின் நடுவில், கூட்டல் போடாமல். பிறகு நாலைந்து வெற்றுப் பக்கங்கள். அதன் பின் விளம்பி ஆவணியில் மறுபடி தொடங்குகிறது. ஆனால் கை வேறு. பெரிய பெரிய எழுத்து, சிறு பிள்ளை எழுதியது போல. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். துர்முகி மாசி என்றால் 1897 பிப்ரவரி, மார்ச். புனேயைப் பிளேக் பிடித்த நேரம்.

அந்த மார்ச் மாதம் 10ஆம் தேதிதான், பிளேக் நோயாளிகளைச் சுமந்து சென்று பராமரித்த சாவித்திரிபாய் ஃபுலே அதே நோய்க்குப் பலியானார். அதே மாதம் பிளேக் கமிட்டித் தலைவர் ராண்ட்டின் உத்தரவில் வெள்ளைச் சிப்பாய்கள் பேட்டைகளுக்குள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போடத் தொடங்கினார்கள். நோயாளிகளையும் அவர்களோடு இருந்தவர்களையும் தனித்தனி முகாம்களுக்குக் கொண்டு போனார்கள். சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்த ஆத்திரத்தில் ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் ராண்ட்டைச் சுட்டார்கள். இது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. கூட்டல் போடாமல் நின்ற கணக்கு பாடப் புத்தகத்தில் இல்லை.

"அப்போ கொள்ளுத் தாத்தா பிளேக்ல போயிட்டாரா?" என்று கேட்டார் பெரியவர். நோட்டு அதைச் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பியிருக்கலாம். 1871இல் ராய்ச்சூரில் இரு பக்கத்துத் தண்டவாளங்களும் சேர்ந்த பிறகு புனேக்கும் சென்னைக்கும் ரயில் இருந்தது. சொல்ல முடிந்தது ஒன்றுதான்: ஒன்றரை வருஷம் கழித்து, பழக்கமில்லாத ஒரு கை அதே நோட்டில் கொள்ளுக் கணக்கைத் தொடர்ந்திருக்கிறது. "அது எங்க தாத்தாவா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெரிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார்.

அந்த எழுத்து இந்த வீட்டில் ஏன் நின்றுபோனது? மராத்திப் பள்ளிக்கூடம், மராத்தி வாடிக்கையாளர், மராத்திச் சம்பந்தம் என்று மூன்று காரணம் சொன்னார். நான்காவதைச் சற்றுத் தயங்கிச் சொன்னார். 1966இல் பம்பாயில் சிவசேனை தொடங்கி, 'மதராஸிகளுக்கு' எதிரான கோஷங்கள் கிளம்பிய காலம். "புனேயில அவ்வளவு இல்லை. ஆனா பேப்பர்ல படிச்சோமில்ல? வாசல்ல நின்னு தமிழ்ல சத்தமாப் பேசாதேன்னு அப்பா சொல்வார்." வாசலில் பேசாத மொழி மெல்ல மெல்லக் கூடத்திலும் பேசாத மொழியானது. இத்தனைக்கும் இந்த ஊரில் வந்தேறி அல்லாதவர் யார்? பேஷ்வாக்களே கொங்கணத்து ஸ்ரீவர்தனிலிருந்து வந்தவர்கள்தான்.

பேத்தி சிகாகோவில் படித்துவிட்டு வந்தவள். அங்கே அவள் வாடகைக்கு இருந்த பகுதியின் பெயர் பில்சன். செக் நாட்டுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் குடியேறி, சொந்த ஊரான பில்சனின் பெயரையே வைத்த பேட்டை. அவர்கள் கட்டிய தாலியா ஹால் என்ற அரங்கம் 1892இலிருந்து நிற்கிறது. பொஹீமியாவில் பிறந்த ஆன்டன் செர்மாக் 1931இல் அந்த நகரத்துக்கே மேயரானார். 1933இல் குண்டடிபட்டு இறந்தார். 22ஆம் தெருவுக்கு இன்று அவர் பெயர். செக்காரர்கள் வசதி வந்ததும் மேற்கே சிசரோவுக்கும் பெர்வினுக்கும் நகர்ந்தார்கள். 1950களிலிருந்து மெக்சிகோக்காரர்கள் வந்து சுவர்களெல்லாம் தங்கள் சித்திரம் எழுதினார்கள். இப்போது வாடகை ஏறி அவர்களும் நகர்கிறார்கள். "ஆள் போனாலும் பேர் இருக்கு அங்கே" என்றாள் பேத்தி மராத்தியில். "இங்கே நாங்க போனா ராஸ்தேயோட பேர்தான் இருக்கும்."

தமிழர் வருகை நிற்கவில்லை. 1954இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் வந்தது. பிறகு மோட்டார் தொழிற்சாலைகள். 1990களின் இறுதியிலிருந்து ஹிஞ்சவாடியின் கம்ப்யூட்டர் நிறுவனங்கள். புதிதாக வருபவர்கள் அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். ராஸ்தா பேட்டை அவர்கள் அறிந்திருப்பது காப்பிப் பொடிக்காகவும் பொங்கல் கரும்புக்காகவும். தங்களுக்கு முன்னே கொள்ளு மூட்டையோடு வந்தவர்களை அவர்கள் அறிய மாட்டார்கள். சொல்லவும் ஆளில்லை. பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிகின்றன. எத்தனை நோட்டுகள் எடைக்குப் போயினவோ!

கிளம்பும் நேரத்தில் பேத்தி நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். 'கொள்ளு' என்ற சொல்லில் எது 'ளு' என்று கேட்டாள். காட்டினேன். பேனாவை வாங்கித் தன் உள்ளங்கையில் எழுதிப் பார்த்தாள். சுழி சரியாக வரவில்லை. மறுபடி எழுதினாள்.

பெரியவர் நோட்டைத் துணியில் முடிந்தார். பழைய பேப்பர் கட்டின் பக்கம் அவர் திரும்பவில்லை. வெண்கலப் பாத்திரங்கள் இருந்த பெட்டியில் மேலாக வைத்து மூடினார். பேத்தி பெட்டியின் மேல் மராத்தியில் எழுதினாள்: 'சாம்பாளா'. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.