ஒத்துக்காரரின் இசை

கேட்பதற்கென்று இசை உண்டு. ஆடுவதற்கென்றும், அழுவதற்கென்றும் உண்டு. ‘நீங்கள் கவனித்தாலும் சரி, கவனியாது விட்டாலும் சரி’ என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு வரும் ஓர் இசையை என்னவென்று சொல்வது?

1978-இல் பிரயன் ஈனோ என்னும் ஆங்கிலேயர் ‘விமான நிலையங்களுக்கான இசை’ என்று பெயரிட்டு ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ‘ஆம்பியன்ட்’ என உலகம் இன்று வழங்கும் வகைக்குப் பெயர் தந்தது அதுவே. சூழலிசை என்று நாம் சொல்லிக்கொள்வோம். அதில் சொல் இல்லை, தாளம் இல்லை. நம் தங்கை மகன், “மாமு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள்” என்று சொல்லித் தந்துவிட்டுப் போனான். திருச்சுழியில் சித்திரை மாதத்து நடுப்பகல். குண்டாறு மணலாய்க் கிடக்க, சீமைக் கருவேலுக்கு அப்பால் ஆள் அரவமே இல்லாத நேரம். வைத்துக் கேட்டோம். சற்று நேரத்தில், கேட்பது இசையா, கொல்லைப் பனையின் ஓலைச் சலசலப்பா என்று பிரித்தறிய இயலவில்லை. பிரித்தறிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஈனோவுக்கு அந்த எண்ணம் பிறந்ததே அவ்வாறுதான். 1975-இல் விபத்தொன்றில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தவருக்குத் தோழி ஒருத்தி யாழிசைத் தட்டு ஒன்று கொண்டுவந்தாள். அவள் போன பிறகே ஒலி மிகத் தாழ்ந்திருப்பது தெரிந்தது. எழுந்து கூட்ட உடம்பில் வலுவில்லை. வெளியே மழை. மழையினூடே அங்கொன்றும் இங்கொன்றுமாக யாழ் கேட்டது. அது போதும் என்றிருந்தது அவருக்கு.

இதற்கும் முன்னோடி உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி, மேசை நாற்காலியைப் போல அறையில் சும்மா இருக்கும் இசை ஒன்றை ஆக்கினார். 1920-இல் பாரிசின் ஓவியக் கூடம் ஒன்றில் அதை வாசிக்கச் செய்தபோது, வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கிவிட்டனராம். ‘பேசுங்கள், கேளாதீர்கள்’ என்று அவர் சுற்றிச் சுற்றி வந்து கெஞ்ச நேர்ந்தது!

நம்மவர்க்கு இது புதிதா என்ன? நாகசுரக்காரருக்குப் பக்கத்தில் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டு ஒருவர் நிற்பாரே, அவரை யார் கவனித்தார்கள்? அவர் நிறுத்திவிட்டால் மட்டும் கச்சேரி நிலைகுலையும். அத்தகையவரைத்தான் ‘ஒத்து ஊதுகிறவன்’ என்று வசைச்சொல் ஆக்கி வைத்திருக்கிறோம். சூழலிசை என்பது அந்த ஒத்துக்காரருக்கே முழுக் கச்சேரியையும் ஒப்படைப்பது என்பது நம் கருத்து.

அந்த 1978-ஆம் ஆண்டுத் தட்டின் செய்முறையை ஈண்டுச் சொல்லியாக வேண்டும். ஒரு குரலை ஒலிநாடாவில் பதிந்து, முனைகளை ஒட்டி வளையமாக்கினால் அது மீண்டும் மீண்டும் ஒலிக்கும். ஒரு வளையம் 23½ நொடிக்கு ஒரு சுற்று. மற்றொன்று ஏறத்தாழ 26 நொடி. இன்னொன்று ஏறத்தாழ 30. ஒன்றோடொன்று பொருந்தாத இவ்வளையங்களைச் சேர்த்து ஓடவிட்டால், குரல்கள் சந்திக்கும் விதம் ஒவ்வொரு முறையும் வேறாகும். மனிதன் இழையைத் தருகிறான். கோலத்தை அவனே அறியான்.

இதைப் படித்ததும் நமக்கு அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெருக்களே கண்முன் வந்தன. சிறுவயதில் அத்தாவோடு நூல் கணக்குக்காக அங்கே போவோம். வீட்டுக்கு வீடு குழித்தறி. ஒருவர் கை விரைவு, அடுத்தவர் கை நிதானம். இழை அறுந்தால் ஒன்று நிற்கும், முடிந்தவுடன் மீண்டும் கிளம்பும். திண்ணையில் உட்கார்ந்திருந்தால் ஒரு நாழிகை கேட்டது மறு நாழிகை கேளாது. அங்கே ஓடியதும் நாடா, இங்கே ஓடியதும் நாடா! விசைத்தறி வந்தது, கூலிக்கும் கஞ்சிக்கும் அது வேண்டியிருந்தது, குறை சொல்வதற்கில்லை. எனினும் அதன் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். நம் நண்பர் ஒருவர் முப்பது ஆண்டுகள் அத்தகைய கூடத்தில் நின்றவர். இப்போது ஒலிபெருக்கியில் வரும் பாங்கும் அவர் செவியை எட்டுவதில்லை.

அந்தப் பழைய தெருவின் ஒலியை யாரும் பதிந்து வைக்கவில்லை. பதிந்து வைத்தவர்கள் அகமதாபாத்தில் இருந்தார்கள்; அவர்கள் பதிந்தது வேறு. அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்கரான டேவிட் டியூடர் மூக் மின்னிசைக் கருவியை அமைத்துத் தந்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் ஒலிகளை ஆக்கினர். இவர்களுள் கீதா அம்மையார், 1946-இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு நம் இசையைக் கற்பித்து, அவரிடம் மேலை இசையைக் கற்றவர். இசையின் பயன் மனத்தை அடங்கச் செய்வது என்று அவர் சொன்னதைக் கேஜ் வாழ்நாள் முழுதும் எடுத்துரைத்தார். ஆகச் சூழலிசையின் ஊற்றுகளில் ஒன்று நம் நாட்டுப் பக்கமிருந்தும் போயிருக்கிறது.

அந்த ஒலிநாடாக்கள் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தன. இலண்டன் கலைஞர் பால் பர்காஸ் அவற்றை ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்துத் தொகுக்க, 1969 முதல் 1972 வரையிலான பதிவுகள் 2023-இல் இசைத்தட்டாயின. எல்லாம் உயர்ந்தவை என்று சொல்லமாட்டோம். சில, புதுக்கருவி கிடைத்த பிள்ளையின் விளையாட்டு. மாத்தூர் தம்புராவை நினைவுகூர்ந்து ஆக்கியதும், பறவைகளைப் பெயரில் வைத்து ஆக்கியதும் நம்மை உட்கார வைத்தன. பின்னாளில் மெதுநடைத் தாளத்தோடு தபலாவை இணைத்த தல்வின் சிங் 1998-இல் தந்த ‘ஓகே’ பரிசு பெற்ற தட்டுத்தான். அதன் பளபளப்பு நமக்கு ஒட்டவில்லை. இன்று தூக்கத்துக்கென்று மணிக்கணக்கில் வார்த்து விற்கும் ஒலிகளைப் பற்றிப் பேசாதிருப்பதே மரியாதை.

சென்ற மாதம் மருமகன் பதிவுக் கருவியோடு வந்தான். இன்னும் கைத்தறி நெய்யும் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். செவி மங்கிய நண்பரும் உடன் வந்தார். “சத்தத்தையா பிடிக்கப் போறீக? துணியைப் பிடிச்சாலாவது விக்கலாம்” என்று சிரித்துக்கொண்டே பெரியவர் குழியில் இறங்கினார். மருமகன் பதிந்துகொண்டிருந்தான். நண்பர் மெல்லக் குனிந்து தறிமரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு நம்மிடம், வழக்கமான உரத்த குரலில், “முன்ன மாதிரி இல்லை, கை மெதுவாயிருச்சு” என்றார். பதிவில் அதுவும் சேர்ந்திருக்கிறது.