வேவுத் தாள்

படிவம் வரைவதில் நமக்கு இருபதாண்டுப் பழக்கம் உண்டு. மைய அரசு அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தவனுக்கு வேறென்ன வித்தை கைவரும்? ஆகவே, பள்ளியின் ரோபோக் குழுவுக்கு ‘ஸ்கவுட்டிங் ஷீட்’ ஒன்று வரைந்து தரும்படி நம் மகள் கேட்டபோது உள்ளம் பூரித்தது. ‘வேவுத் தாள்’ என்று பெயரும் சூட்டினோம். பெயர்தான் வேவு, எல்லார் கண்ணெதிரிலும் அமர்ந்து எழுதுவதே அது.

டீன் கேமன் என்னும் அமெரிக்கர் 1989-இல் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பு, 1992-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 குழுக்களை வைத்து முதற்போட்டியை நடத்தியது. அதன் ஒரு பிரிவான ‘ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்’ நம் நாட்டிலும் நடைபெறுகிறது. களம் 12 அடிச் சதுரம். இரண்டு ரோபோக்கள் ஓரணி, இரண்டு எதிரணி. முதல் 30 வினாடி அவை தாமே இயங்க வேண்டும். பின் 2 நிமிடம் மாணவர் இயக்குவர். தகுதிச் சுற்றில் இன்னாருக்கு இன்னார் கூட்டு என்பது அட்டவணையின் செயல். வாய்த்த கூட்டாளியால் ஏறியவரும் உண்டு, இறங்கியவரும் உண்டு. அச்சுற்று முடிந்ததும் முன்னணிக் குழுக்கள் தமக்குரிய துணையைத் தாமே தெரிந்தெடுக்கும். தரவரிசைப் பலகையை மட்டும் நம்பித் துணை தேடுவது, சம்பந்தியின் வீட்டை மட்டும் பார்த்து மாப்பிள்ளையை முடிவு செய்வது போலாகும். அங்கேதான் வேவுத் தாளுக்கு வேலை.

நமது முதல் தாளில் 26 கட்டங்கள் இருந்தன. பழைய ஆட்டமொன்றின் பதிவைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு நாமே நிரப்ப முயன்றோம். மூன்றாம் கட்டத்தில் எழுதக் குனிந்து நிமிர்வதற்குள் ரோபோ இரண்டு கட்டைகளைக் கூடையில் போட்டுவிட்டிருந்தது. “அப்பா, இதை நிரப்ப உங்க செக்‌ஷன் முழுக்க வந்தாத்தான் உண்டு” என்றாள் மகள்.

அப்புறம் வெட்டத் தொடங்கினோம். களத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கை எழுதக்கூடியது எதுவோ அது மட்டும் நின்றது. ஒரு ரோபோவுக்கு ஒருவர் என நால்வர் பார்ப்பது. கட்டை விழுந்தால் ஒரு கோடு, ஐந்தாவதற்குக் குறுக்குக் கோடு. நம் பாட்டியார் சமையலறைச் சுவரில் பால் கணக்கு வைத்த முறைதான். முயலவே இல்லை என்பதற்கும் முயன்று தவறியது என்பதற்கும் வேறு வேறு குறி வேண்டும் என்று மகள் பிடிவாதம் செய்தாள். நியாயமே, கட்டத்தை வெறுமையாய் விட்டால் ரோபோ ஒன்றும் செய்யவில்லையா, பார்த்தவன் அயர்ந்துவிட்டானா என்பது எவருக்கும் விளங்காது. சராசரியை மட்டும் கணக்கிடாதிருக்கவும் உடன்பட்டோம். ஓர் ஆட்டத்தில் பத்தும் அடுத்ததில் பூச்சியமும் போடுகிறவன் வேறு, நாள்தோறும் ஐந்து போடுகிறவன் வேறு.

ஒரே ஒரு கட்டத்தில்தான் வழக்கு முற்றியது. ‘ஒட்டுமொத்த மதிப்பு: சிறப்பு, நன்று, சராசரி, மோசம்’ என்று கடைசியில் நாம் வைத்திருந்ததை அவள் அடித்துவிட்டாள். “ஒருத்தர் மனசுல தோணறதை எப்படிப்பா கணக்குல சேர்க்கறது?” என்றாள். நமக்குச் சுருக்கென்றது.

2006-இல் நம்மைப் பற்றிய ஆண்டு மந்தண அறிக்கையில் மேலதிகாரி ஒருவர் ‘சராசரி’ என்று எழுதினார். அவ்வாண்டு தந்தையாரின் நோய்க்காக மூன்று மாதம் ஊருக்கும் தலைநகருக்குமாய் அலைந்தோம். எஞ்சிய ஒன்பது மாதத்துக் கோப்புகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பாதகமான குறிப்பை மட்டுமே ஊழியருக்குத் தெரிவிக்கும் வழக்கம் அன்று இருந்தது. எல்லாக் குறிப்பும் தெரிவிக்கப்பட வேண்டும் என்று 2008-இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009-இல் மைய அரசும் ஆணையிட்டது. நமது பழைய அறிக்கையின் நகல் அதற்கும் சில ஆண்டுகள் கழித்தே கைக்கு வந்தது. அதை மகளிடம் நாம் சொன்னதில்லை. கட்டத்தை எடுத்துவிடச் சம்மதித்தோம். அவ்விடத்தில் ‘நின்றதா? எத்தனை வினாடி? காரணம் என்ன?’ என்று எழுதிச் சேர்த்தோம். இதற்கு மட்டும், ஆட்டம் முடிந்ததும் அந்தக் குழுவிடமே போய்க் கேட்டறிய வேண்டும் என்பது விதி.

போட்டியன்று சிற்றூர்ப் பள்ளியொன்றின் ரோபோ முதல் ஆட்டத்தில் நடுக்களத்தில் செத்து நின்றது. கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நம் பிள்ளைகளின் தாளில் ‘110 வினாடி, மின்கல இணைப்பு கழன்றது’ என்று பதிவாயிற்று. பின் நான்கு ஆட்டங்களிலும் அக்கட்டத்தில் பூச்சியம். கூடைக் கட்டத்திலோ கோடுகள் நெருங்கி நின்றன. நான்காம் இடம் பெற்ற நம் குழு, துணையாக அதன் எண்ணை ஒலிபெருக்கியில் அறிவித்தபோது அந்தப் பிள்ளைகள் உடனே எழுந்திருக்கவில்லை. தங்கள் எண்தானா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சேர்ந்து ஆடிய முதல் ஆட்டத்தில் வென்றார்கள். அடுத்த இரண்டில் தோற்று வெளியேறினார்கள். தோற்றது நம் குழுவின் ரோபோ கம்பியில் ஏற மறுத்ததால்தான். தாளிலும் அப்படியே இருக்கிறது.

2025 செப்டம்பரில் புதிய ஆட்டம் அறிவிக்கப்பட்டது. இம்முறை கட்டையும் இல்லை, கூடையும் இல்லை; பந்தெறிதல். தாளில் பாதிக்கு மேல் அடித்தாயிற்று. ‘நின்றதா?’ என்ற கட்டத்தைச் சற்று அகலமாக்கித் தரும்படி மகள் கேட்டிருக்கிறாள்.